ஐந்து ஞாயிறு, ஒரு கதிரை

போன ஞாயிறு பின்னேரம் எனக்குக் கடைசித் தவணை.

தவணை கொடுத்தது என் மனைவி சரோ. மொத்தம் ஐந்து ஞாயிறு. அதற்குள் போனில் விளையாடும் போக்கர் போட்டியில் முதல் ஒன்பது பேருக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கேமை அழிக்க வேண்டும் – என் கையாலேயே.

"ஞாயித்துக்கிழமைதான் ஹயர் கூட. நீங்க போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கிறீங்க" என்றாள். நியாயம்தான். ஓட்டோ ஓட்டுபவனுக்கு ஹயர் வந்தால்தானே காசு. ஒத்துக்கொண்டேன்.

காசு கட்டும் ஆட்டம் இல்லை. இலவசப் போட்டி. முதல் ஒன்பது பேருக்கு மாதக் கடைசியில் நடக்கும் பெரிய போட்டியில் ஆளுக்கொரு கதிரை, அதாவது உட்கார்ந்து விளையாட ஓர் இடம். அதுவும் இலவசம். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கிறீர்களா?

முந்தல் ஓட்டோ தரிப்பிடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. 'நாலு நிமிசம்.'

முதல் ஞாயிறு வந்த பெயர் அது. நாங்கள் எல்லோரும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் ஜாக்தான் பெரிது. அடுத்தது ஒன்பது. போக்கரில் எனக்கு வந்த முதல் கையே ஜாக்கும் ஒன்பதும். விடுவேனா? இருந்த சிப்ஸ் வில்லை முழுவதையும் தள்ளினேன். எதிரில் இருந்தவனிடம் இரண்டு ஆஸ். போக்கரில் ஆஸ்தான் பெரிது என்று எனக்குத் தெரியும்... என் கைக்குத் தெரியவில்லை. நாலு நிமிடத்தில் வெளியே.

பக்கத்து ஓட்டோ நசீர் நாநாவுடையது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்த குடும்பம். முந்நூற்று நாலில் என் கூட்டாளி. இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

"தம்பி, ஒரு முட்ட அவியிற நேரங்கூட நீ நிக்கல்லையே!"

இரண்டாம் ஞாயிறு வேறு பிழை. முந்நூற்று நாலில் கைக்கு வந்த எட்டுக் கடதாசியையும் விளையாடியே ஆக வேண்டும். வேண்டாம் என்று எறிய முடியாது. அந்தப் பழக்கத்தில் எல்லாக் கைக்கும் இறங்கினேன். அரை மணித்தியாலம்தான்.

மூன்றாம் ஞாயிறு ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் உடப்புக்கு ஒரு ஹயர். ஒரு அம்மா, இரண்டு அரிசி மூட்டை. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து பார்த்தால்... அறுநூறு பேரில் பாதிப் பேர் இல்லை. நான் இருக்கிறேன்! நான் இல்லாத நேரம் கேமே என் கடதாசியை ஒவ்வொரு கையாக எறிந்திருக்கிறது. சுற்றுக்குச் சுற்று கட்டாயம் வைக்க வேண்டிய சிப்ஸ் மட்டும் கொஞ்சம் போயிருந்தது.

அன்றைக்கும் ஒன்பதுக்குள் வரவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. இலவசம் என்றால் மனுசன் பாய்வான். சும்மா வந்தது, சும்மா போகட்டும் என்பான். முதல் ஒரு மணித்தியாலம் அவர்களைப் பாய விட வேண்டும். நாம் இருக்க வேண்டும். நல்ல கை வந்தால் மட்டும் இறங்க வேண்டும். பாதிப் பேரை நாம் அடிக்கத் தேவையில்லை – அவர்களே போவார்கள்.

நாலாம் ஞாயிறு முப்பத்தோராவது ஆளாக வந்தேன். போதாது.

போன ஞாயிறு தொடக்கத்திலிருந்தே எறிந்தேன். எறிந்துகொண்டே இருந்தேன். நசீர் நாநா இறங்கி வந்து என் பின்னால் நின்றார். அவர் இதைத் தொடமாட்டார். "காசு இல்லாட்டியும் சூது சூதுதான்" என்பார். பார்ப்பதில் மட்டும் குறை வைக்கமாட்டார்.

பத்துப் பேர் மிச்சம். ஒன்பது கதிரை. என்னிடம் சிப்ஸ் அதிகம் இல்லை. ஆனால் ஒருவனிடம் என்னைவிடக் குறைவு. இரண்டு சுற்றுக்கு மேல் தாங்கமாட்டான்.

அப்போது வந்தது. இரண்டு ராணி. அன்றைக்கு வந்ததில் ஆக நல்ல கை. எனக்கு முன்னால் ஆடிய, நிறையச் சிப்ஸ் வைத்திருந்தவன் முழுவதையும் தள்ளினான்.

"போடு தம்பி! ரெண்டு ராணிடா!"

கணக்குப் பார்த்தேன். வென்றால் என்ன? எனக்கு ஒரு கதிரைதான். இரண்டு தரமாட்டார்கள். தோற்றால் பத்தாவது ஆள். கேமும் போகும், பட்டப்பெயரும் நிற்கும்.

எறிந்தேன்.

"பைத்தியமா ஒனக்கு? ரெண்டு ராணிய எறியிறவன இண்டைக்குத்தான் பாக்குறன்!" நாநா தலையில் கை வைத்தார்.

மூன்றாவது கையில் அந்தக் குறைந்த சிப்ஸ்காரன் முடிந்தான். ஒன்பது பேரில் நான் எட்டாவது. நாநா முதுகில் ஒன்று போட்டார். வலித்தது. பரவாயில்லை.

வீட்டுக்குப் போய் சரோவிடம் போனைக் காட்டினேன்.

"நல்ல கடதாசி வந்திச்சா?"

"வந்திச்சு. ரெண்டு ராணி."

"அத வச்சா வெண்டீங்க?"

"இல்ல. அத எறிஞ்சு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மாசக் கடைசியிலயும் ஒம்பது பேருக்கா பரிசு குடுப்பாங்க?"

"இல்ல. ஒரு ஆளுக்குத்தான்."

அன்றைக்கு ராணிகள் வந்தால் எறியமாட்டேன்.