அழகம்மாவுக்குக் கோபம் வராது

1998இல் வவுனியா விளக்கமறியல் சிறையின் பெண்கள் பகுதியில் இருந்த பதினேழு பேரில், பதிவேட்டின்படி ஆபத்தானவள் அழகம்மாதான். புருசன் ஆண்டியப்பனின் கையைக் கத்தியால் வெட்டியவள். ஆனால் கைக்குழந்தையோடு உள்ளே வந்த பெண்கள் குளிக்கப் போகும்போது குழந்தையை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். குசினியில் மீன் வெட்டும் கத்தியையும் காவலர் விமலேஸ்வரி அவளிடமே கொடுத்திருந்தார்.

"மற்றவைக்குக் குடுக்கப் பயமாக் கிடக்கு" என்பார்.

அழகம்மா மாத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பத்தொன்பது வருடங்கள் ஆண்டியப்பனிடம் அடிவாங்கினாள். இரண்டு முறை பொலிசுக்குப் போனாள். குடும்ப விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் வெட்டிய அன்று அரை மணித்தியாலத்தில் ஜீப் வந்தது.

கைதிகளின் குணங்களை ஆராய, பல்கலைக்கழகத்திலிருந்து நிசாந்தினி என்ற பெண் நூற்றிருபது கேள்விகளோடு வந்தாள்.

"உங்களுக்குக் கெதியாக் கோபம் வருமோ அம்மா?"

"வராதுங்க."

"அப்ப அண்டைக்கு மட்டும் எப்பிடி வந்தது?"

"அன்னைக்கும் வரலைங்க. காலையில கத்தியத் தீட்டி வச்சேன். சோறாக்கிப் போட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும்னு பார்த்துக்கிட்டிருந்தேன். வெறும் வயித்துல வெட்டுனா மயக்கம் வந்துருமில்லையா?"

நிசாந்தினியின் பேனா நின்றது. பெண்களின் வன்முறைக்கு அவளது தாளில் இரண்டே கட்டங்கள் இருந்தன: திடீர்க் கோபம், பயம்.

"பயத்தில செய்தனீங்களோ?"

"பயமெல்லாம் மொதப் பத்து வருசந்தாங்க."

பக்கத்தில் நின்ற விமலேஸ்வரி பதறிப்போனார். "தங்கச்சி, இதை எழுதிப் போடாதேங்கோ. திடீர்க் கோபம் எண்டுதான் இவவின்ர லோயர் கோட்டில சொல்லியிருக்கிறார்."

நிசாந்தினி முதல் கட்டத்தில் புள்ளடி போட்டாள். மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது, 'மிகச் சாந்தமான சுபாவம்' என்று வந்தது. விளையாட்டாக விமலேஸ்வரியும் அதே கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்தக் கட்டடத்திலேயே மூர்க்கமானவர் அவர் என்று தெரிந்தது. அந்தத் தாளை அவரே வாங்கிக் கிழித்துப் போட்டார்.

அடுத்த வழக்குத் தவணையில் ஆண்டியப்பன் கூண்டேறினான். நான்கு மாதமாகத் தானே சமைத்துச் சாப்பிட்டு மெலிந்திருந்தான்.

"நாந்தாங்க கத்தி மேல விழுந்துட்டேன்" என்றான்.

நீதவான் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அவளை எச்சரித்து விடுவித்தார். வெளியே வந்ததும் ஆண்டியப்பன், "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். அழகம்மா போனாள்.

அதற்குப் பிறகு அவன் அவளை அடிக்கவில்லை. சிறைக்குப் போய்வந்ததில் அழகம்மா நன்றாகத் திருந்திவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.