அம்மா செடிகளோடு மட்டும் பேசிய பாஷை

அம்மாவின் சனம் கடலுக்கு அக்கரையில், இந்தியாவில், மலைக்காட்டுக்காரர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது தங்கள் பாஷையையும் கொண்டுவந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மற்றவர்கள் கேலி பண்ணிப் பண்ணியே ஒவ்வொரு வாயாக மூடிவிட்டது. இப்போது அதைப் பேச அம்மா ஒருத்திதான் மிச்சம். அவளும் அதை மனிதர்களிடம் பேசுவதில்லை.

தேயிலைக்கு மேலே இருக்கும் காட்டில் மருந்துக்கு இலை பறிக்குமுன் செடியிடம் கேட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். தமிழில் கேட்டால் செடி மருந்தைக் கொடுக்காதாம். அதனால் என்னைத் திட்டுவது தமிழில், வல்லாரையிடம் நலம் விசாரிப்பது தாய்மொழியில். வல்லாரைமேல் எனக்குப் பொறாமை என்றால் சிரிக்காதீர்கள். பெற்ற மகளுக்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது!

நான் ஹட்டனில் போன் கடையில் வேலை செய்கிறேன். அந்தப் பாஷை அம்மாவோடு போய்விடுமே என்ற பயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனும் கையுமாக அவள் பின்னால் பதுங்கிப் போனேன். பதிவானதெல்லாம் மழைச் சத்தமும், அட்டை கடித்து நான் போட்ட கூச்சலும்தான்.

அம்மா திரும்பி முறைத்தாள். எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏம்மா, எங்கிட்ட அந்த பாஷைல பேசினா ஒனக்கு என்ன கொறஞ்சி போகுது?”

“மனுசங்கள பாத்தா அது வாயில வரமாட்டேங்குது. நான் என்ன செய்ய?”

“அப்ப என்னையும் ஒரு செடின்னு நெனச்சிக்க.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “செருப்ப கழட்டு. செருப்பு போட்ட செடிய எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

கழற்றிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வல்லாரைக்குப் பக்கத்தில் நின்றேன். விறகுக்கட்டோடு வந்த அடுத்த லயத்து அக்கா, “என்ன, மழையில நிக்கிறீங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“அவ இப்ப செடி. பேச மாட்டா,” என்றாள் அம்மா.

“சரிங்க பெரியம்மா,” என்று அக்கா என்மேல் விறகு இடிக்காமல் ஒதுங்கிப் போனாள்.

அம்மா என் காலடியில் குந்தினாள். முதலில் மெதுவாக ஆரம்பித்தாள், பிறகு நிறுத்தவே இல்லை. அதட்டினாள், கெஞ்சினாள், ஓரிடத்தில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நடுவில் செத்துப்போன அப்பாவின் பெயர் வந்தது. வேறு ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. போன் பைக்குள் கிடந்தது. செடி எப்படிக் கையை நீட்டி எடுக்கும்? சந்தோஷத்தில் அழுதுகொண்டு அசையாமல் நின்றேன்.

அவள் பேசி முடித்து எழுந்ததும், “என்னம்மா சொன்ன?” என்று கேட்டேன்.

“அது செடிகிட்ட சொன்னது. ஒங்கிட்ட எப்படி சொல்லுவேன்?”