மாதுளைக்கு மேற்கே கட்டிய சேலை

என் அக்கா கயத்தாறு பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில், ஆடு மாடு வைத்துப் பிழைத்த வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. முதல் வருட நினைவு மலருக்கு, "அம்மாவைப் பத்தி நீங்கதான் சித்தி எழுதணும்" என்று அக்காவின் மகள் சொல்லிவிட்டாள். எனக்குத் துணி வெட்டவும் தைக்கவும்தான் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த அக்காவுக்கு வாழ்க்கை அத்தனை சுளுவாக அமையவில்லை. லாரி ஓட்டிய அத்தான் பாதி வயதிலேயே போய்விட்டார். அக்கா தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, யாரிடமும் கை நீட்டாமல் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். அங்கே வெயில் நன்றாக அடித்தால்தான் குச்சி காயும். மூட்டம் போட்டால் வேலை இருக்காது. அதனால் காலையில் வெயிலைக் கும்பிட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து புறவாசலில் வாடிக் கிடக்கும் செடிகளைப் பார்த்ததும் அதே வெயிலைத் திட்டுவார். "அங்கன அடி, இங்கன அடிக்காதன்னு சொன்னா கேக்கவா போவுது?" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

புறவாசலில் கத்தரி, மல்லிகை, கறிவேப்பிலை, ஒரு மாதுளை. சித்திரையில் தெரு முழுக்கச் செடிகள் கருகும். "வெயிலுக்குக் கருகிட்டு" என்று, அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்த நான் உட்பட எல்லோரும் விட்டுவிடுவோம். அக்காவுக்கு அது பதிலே கிடையாது. எந்தப் பக்கம் கருகியது, எத்தனை மணிக்கு வாடியது என்று துருவிக்கொண்டே இருப்பார். முதலில் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். கத்தரி வெந்தே போயிற்று.

"ஏட்டி, உள்ள கைய விட்டுப் பாரு. இட்லிச் சட்டி மாதிரில்லா கொதிக்கி!"

அதை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பழைய பருத்திச் சேலைகளைக் கொண்டுவந்து என் மிஷினில் போட்டார். சேர்த்துத் தைத்துத் தரச் சொன்னார். சுற்றி நாலு பக்கமும் கட்டவா என்று கேட்டேன்.

"மேக்க மட்டும் போதும்."

"ஏங்க்கா, காலையில அடிக்கதும் அதே சூரியந்தான?"

"காலையில தரையும் காத்தும் குளுந்து கெடக்கு. சாயங்காலம் மூணும் சேந்துல்லா காச்சுது."

அன்றிலிருந்து மாதுளங்காயின் மேற்குக் கன்னம் கருகுவது நின்றது. அதிலும் அக்காவுக்கு ஒரு குறை. "கருகுன காயெல்லாம் ஆட்டுக்குப் போட்டுட்டோமே, உள்ள வரைக்கும் சுட்டிருக்கான்னு உடைச்சுப் பாக்காமப் போயிட்டேனே" என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன வருடம் பங்குனியில் அக்காவுக்கு உடம்பு முடியாமல் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் கூடவே இருந்தாள். செடிகள் என் பொறுப்பு. மத்தியானம் மாதுளை இலை தொங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு குடம் ஊற்றுவேன். சாயங்காலமும் தொங்கினால் இன்னொரு குடம். பாசம்தான், வேறென்ன? மானாவாரிக் காட்டில் மழைக்கு ஏங்கி வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் அதிகமாகி ஒரு செடி சாகும் என்று தோன்றவே தோன்றாது. கரிசலோ குடித்த தண்ணீரை லேசில் விடாது. இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. நான் இன்னும் ஊற்றினேன்.

வீடு திரும்பிய அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே புறவாசலுக்கு வந்தார். தூரில் விரலை விட்டு, சேற்றோடு எடுத்து என்னிடம் காட்டினார்.

"ஏட்டி, வெயிலுக்குத் தப்பிச்ச மரத்தத் தண்ணியில முக்கிட்டியே!"

நான் அழுதேவிட்டேன். அக்கா திட்டவில்லை. "மத்தியானம் வாடுனா அது சூதானமா இருக்குன்னு அர்த்தம். சாயங்காலமும் நிமிராட்டி விரல விட்டுப் பாத்துட்டு ஊத்தணும்" என்றார். அடுத்த வீட்டு அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்து தண்ணீர் வடிய வாய்க்கால் போலக் கால் பறித்தார். ஈரம் காக்கத் தூரில் பரப்பியிருந்த கடலைத் தொலியை ஒதுக்கி மண்ணைக் காயவிட்டோம். அக்கா கட்டிலைப் புறவாசல் கதவோரம் போடச் சொன்னார். மொட்டையாக நின்ற மரத்தில் என்னை ஒரு குச்சியை ஒடித்து வரச் சொல்லி, நகத்தால் கீறினார். உள்ளே பச்சை.

"உசுரு இருக்கு. எந்தக் கண்ணுல மொதல்ல துளிர் வரும்னு பாப்போம்."

கடைசி நாட்களில் மத்தியானம் துவண்டு கிடப்பார். சாயங்காலம் எழுந்து காப்பி கேட்பார், துளிர் வந்ததா என்று கேட்பார். எனக்கும் அது பழகிவிட்டது. வைகாசியில் ஒருநாள் மத்தியானம் வழக்கத்தைவிடத் துவண்டிருந்தார். சாயங்காலம் பார்ப்போம் என்று இருந்தேன். அன்று அக்கா எழுந்திருக்கவில்லை. மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் என்று இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பதினாறாம் நாள் முடிந்து பந்தல் பிரித்தபோது மரத்தில் துளிர் விட்டிருந்தது. அடிக் கிளையில்தான் முதலில் வந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்தவர்களுக்கும், கேதத்துக்கு வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், கடம்பூரிலிருந்து அக்காவுக்குப் பிடித்த போளியை வாங்கி வந்து கொடுக்க முடியாமல் அழுதவருக்கும், கால் பறித்த அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வருடமும் மேற்கே சேலை கட்டினேன். ஒரு காய் மட்டும் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மேற்குக் கன்னம் கருகிப்போயிற்று. போன வாரம் அதைப் பறித்து, புறவாசல் படியில் உட்கார்ந்து உடைத்தேன். கருகிய பக்கத்து முத்துக்கள் வெளுத்துக் கிடந்தன. மற்றதெல்லாம் நல்ல சிவப்பு.

"யக்கா, உள்ள வரைக்கும் சுட்டிருக்கு, வந்து பாரு!" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் கொடுத்துவிட்டேன்.