பட்டுப்பெட்டிக்குள் புகையிலை

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தேவகோட்டைக்காரர், சுருட்டுப் பிரியர். நான் வைக்கிற செடி எதுவும் உருப்படாது என்பது அவருடைய பழைய தீர்ப்பு. எங்கள் வீட்டில் கற்றாழையே வாடியிருக்கிறது என்பதால் மறுத்துப் பேச வழியில்லை. அவருடைய அறுபதாம் கல்யாணம் நிச்சயமானபோது, ஒரு பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி நான் வாயை விட்டேன். "என் தோட்டத்துப் புகையிலையில சுருட்டு சுத்தி உங்க சாந்திக் கல்யாணத்துக்குத் தர்றேன் மச்சான்."

"தாங்க மாப்பிள்ளை. புகை வருதான்னு பாப்போம்," என்றார்.

நான் புகைப்பவனில்லை. கல்லூரியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, விடுதியே எழுந்து வரும்படி இருமியிருக்கிறேன். ஆக, என் இலை நல்ல இலைதானா என்று மச்சான்தான் பற்றவைத்துச் சொல்ல வேண்டும்.

மானகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்மண்ணில் செடி என்னை மீறி நன்றாகவே வந்தது. பூக்கிற சமயத்தில்தான் சங்கடம். இலை தடிக்க வேண்டுமானால் நுனிமொட்டைக் கிள்ளிவிட வேண்டும். இளஞ்சிவப்பாக எட்டிப்பார்க்கும் மொட்டைக் கிள்ள எனக்கு மனம் வரவில்லை. மனைவி வந்தாள், கீரை ஆய்கிற வேகத்தில் அத்தனையையும் கிள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அறுத்த இலையை நிழலில் காயவிட்டு, அடுக்கிச் சாக்குப் போட்டு மூடி, புழுங்கிப் பதப்படுவதற்காகப் பாடம் போட்டேன். அடுக்குக்குள் சூடு ஏறவும் வேண்டும், மிஞ்சவும் கூடாது. அதனால் அடிக்கடி கையை விட்டுப் பார்ப்பேன். "புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படித் தொட்டுப் பாத்தீகளா?" என்று மனைவி கேட்டாள்.

பிறகு அவள் எங்கள் மகள் வீட்டுக்குப் போனாள். வெயில் முற்றியது. இலை அப்பளமாக நொறுங்கத் தொடங்கியது. ஈரச்சாக்கில் வைத்தால் பூசணம் பிடித்தது. காய்ந்தும் போகாத, ஈரமும் ஏறாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது: மனைவியின் பட்டுச்சேலைகள் இருக்கும் தேக்குப்பெட்டி. இலையைப் பேப்பரில் சுற்றி, சேலைகளுக்கு அடியில் வைத்தேன். சுருட்டு சுற்றுவதற்காக எடுத்தபோது இலை பதமாக இருந்தது. நான் சுற்றியதில் பல முருங்கைக்காய் போலவும் சில வாழைப்பூ போலவும் வந்தன. ஒன்று மட்டும் சுருட்டைப் போல இருந்தது.

சாந்திக்குக் கிளம்பும் காலையில்தான் மனைவி பெட்டியைத் திறந்தாள். வாசலில் கார் நின்றதால் நான் பிழைத்தேன். மாற்றுச்சேலைக்கு நேரமில்லை. கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்த வரிசையில் ஒவ்வொரு மூக்காகத் திரும்பியது. ஒரு சித்தி குனிந்து, "எப்பருந்து ஆத்தா இந்தப் பழக்கம்?" என்று கேட்டார்களாம்.

மச்சானிடம் அந்த ஒரு சுருட்டை நீட்டினேன். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர் வழக்கப்படி முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். இலை இருந்த அந்தத் தேக்குப்பெட்டி அவருடைய அம்மா என் மனைவிக்குச் சீராகக் கொடுத்தது. அந்த அம்மா போட்டுவைத்த வெட்டிவேர் இன்னும் அதன் அடியில் கிடக்கிறது.

"ஆத்தா பொட்டி வாசம்ல இது," என்றார். தீப்பெட்டி சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது. "இதப் பொசுக்க மாட்டேன் மாப்பிள்ளை."

சுருட்டு இப்போது அவருடைய பீரோவில், துண்டுக்குள் இருக்கிறது. போகும்போதெல்லாம் ஒரே ஒரு இழுப்பு இழுத்துத் தீர்ப்புச் சொல்லும்படி கெஞ்சுகிறேன். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

இந்த வருஷமும் விதை போட்டிருக்கிறேன். விளைச்சல் முழுவதும் பெட்டிக்கு வேண்டும் என்று மனைவி சொல்லிவைத்துவிட்டாள். போன தடவை இலை வைத்த பிறகு பட்டில் பூச்சி அண்டவே இல்லையாம். என் இலையின் தரத்துக்கு இதுவரை சான்று கொடுத்திருப்பவை பூச்சிகள் மட்டும்தான்.