பத்து அமர்வுத் தியானமும் ஓர் இடமாற்ற விண்ணப்பமும்

எங்கள் திணைக்களத்தின் நடைமுறைக் கோவை சொல்வது இது: நோயாளியைப் பராமரிப்பதற்காக ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு அருகிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றம் கேட்டால், முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுப்பதாயின் காரணம் காட்ட வேண்டும். மூன்று மொழிப் பிரதிகளையும் நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் முப்பது நாட்கள்தான்.

அப்போது நான் தெல்தெனிய அலுவலகத்தில் பிரதம லிகிதர். லிகிதர் நஸீரா மடவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருபவர். மே மாதத்தில் ஒரு நாள் விண்ணப்பப் படிவத்தோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். அவருடைய உம்மா பாரிசவாதம் கண்டு படுக்கையில் இருந்தார்.

"சேர், கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு ட்ரான்ஸ்பர் எடுக்கேலுமா? அங்கயெண்டா பகலைக்கு த்ரீவீல்ல ஓடிப்போய் சோறு குடுத்திட்டு வந்துருவேன். என்ட கையால குடுத்தா மட்டும்தான் உம்மா முழுங்குறாங்க. தங்கச்சி குடுத்தா வாய இறுக்கிக்கிறாங்க."

காரணம் என்ற இடத்தில் "தாயைப் பராமரித்தல்" என்று எழுதியிருந்தார். அப்படி எழுதியவர்களின் விண்ணப்பங்கள் இடமாற்றப் பிரிவு அலுமாரியில் எவ்வளவு காலமாகக் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். மன அழுத்தம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று அந்த ஆண்டு ஒரு புதிய சுற்றறிக்கை வந்திருந்தது.

"இத வெட்டிட்டு மன அழுத்தம்னு எழுதுங்க. சுறுக்கா நகரும்," என்றேன்.

"பொய்யில்லையா சேர்?"

"உங்களுக்கு அழுத்தம் இல்லையா?"

"ஈக்கிதான்."

"அப்ப பொய்யில்ல."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி உறையைக் கிழித்தேன். உள்ளே இருந்தது இடமாற்றம் அல்ல. நஸீரா புதன்கிழமைதோறும் கண்டியில் நடக்கும் விழிப்புணர்வுத் தியானப் பயிற்சிக்குச் சமூகமளிக்க வேண்டும், பத்து அமர்வுகள், மேற்பார்வை உத்தியோகத்தரான நானும் உடன் போக வேண்டும். கோப்பு இடமாற்றப் பிரிவுக்குப் போகாமல் நலன்புரிப் பிரிவுக்குப் போயிருந்தது. முன்னுரிமை சிகிச்சைக்குத்தான் என்பது சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

பயிற்சி தந்தவர் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர். கதிரைகளை வட்டமாகப் போட வைத்தார்.

"பஸ்ஸில வரேக்க என்ன செய்யிறனீங்கள்? கண்ணை மூடி யோசிச்சுக்கொண்டு வராதேங்கோ. ஜன்னலுக்கு வெளியில என்ன தெரியுதெண்டு வடிவாப் பாருங்கோ."

"ஜன்னல் தெரிய முதல்ல உள்ளுக்கு ஏறணுமே மேடம். நான் வாறது மிதிபலகையில," என்றார் நஸீரா. அம்மையாரே சிரித்துவிட்டார்.

நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சியில் பிழையில்லை. ஒரு கோப்பைத் தேநீரைப் பத்து நிமிடம் குடிக்க வைத்தார். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில், கோப்புகளைப் புரட்டாமல் நான் குடித்த முதல் தேநீர் அது. சாயம் நாக்கில் பிடிப்பதும் பிறகு மெல்ல இனிப்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நஸீராவும் மாறினார். "பாலத்துக்கிட்ட பஸ் நிக்கிற நேரம் ஆத்தப் பாக்குறேன் சேர். முந்தி மணிக்கூட்டத்தான் பாப்பேன்."

கடைசி அமர்வில் ஒரு படிவம் தந்தார்கள். இந்த வாரம் நீங்கள் முழுமையாக அனுபவித்த ஒரு கணத்தை எழுதுக. நஸீரா எழுதினார்: "ஞாயிற்றுக்கிழமை உம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். எண்ணெய் வாசம் வந்தது. உம்மா சிரித்தார்." அரசாங்கப் படிவம் ஒன்றில் அதைவிட உண்மையான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

அதன் அடியில் நலன்புரி உத்தியோகத்தர் குறிப்பெழுதினார்: "நிலை திருப்திகரம். மேலதிக நடவடிக்கை தேவையில்லை." கோப்பு மூடப்பட்டது.

தொலைபேசியில் அவரைப் பிடித்தேன்.

"அந்தம்மாவே சந்தோசமா இருக்கேன்னு எழுதியிருக்காங்களே ஐயா. சந்தோசமா இருக்கவங்கள நாங்க ஏன் மாத்தணும்?"

"அவங்க கேட்டது சந்தோசம் இல்ல. பகல்ல வீட்டுக்குப் போய்வர ஒரு மணித்தியாலம்."

"அப்ப எதுக்கு மன அழுத்தம்னு எழுதினாங்க?"

ஓகஸ்ட் மாதம், பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு இடமாற்றப் பிரிவுக்கு மேன்முறையீடு எழுதினேன். பிறகு இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன்.

செப்டெம்பர் கடைசியில் நஸீராவின் உம்மாவுக்கு விழுங்குவது அறவே நின்றுபோனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இரண்டு நாள் லீவுக்குப் பிறகு வந்த நஸீரா, கையொப்பப் புத்தகத்தில் ஒப்பமிட்டுவிட்டுச் சொன்னார்: "இப்ப யார் குடுத்தாலும் ஒண்டுதான் சேர்."

குரல் நடுங்கவில்லை. பத்து அமர்வுகளும் நன்றாகவே வேலை செய்திருந்தன.

இளைய லிகிதர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விண்ணப்பத்தில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். விரைவாக நகரும் காரணத்தை எழுதாதீர்கள். தியானம் பழகுங்கள், நல்லது. நானும் இன்றுவரை தேநீரை ஆறுதலாகத்தான் குடிக்கிறேன். ஆனால் ஒருவர் உங்களிடம் நேரம் கேட்டு வந்தால், அதைக் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கும்போது, மூச்சைக் கவனிக்கச் சொல்லி அனுப்பாதீர்கள்.

நஸீராவுக்குக் கட்டுகஸ்தோட்டைக்கு மாற்றம் அனுமதிக்கப்பட்டுள்ளது என்ற கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது டிசெம்பர் ஒன்பதாம் திகதி.