பெரிய கேட்

கோமுகி அணைப் பூங்காவில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மொபெட்டில் காலடியில் ஒரு நாய், பின்னால் தக்காளிக் கூடையில் இன்னொன்று. இரண்டும் தெருநாய்கள்தாம், கழுத்தில் மட்டும் புதுச் சிவப்புப் பட்டை. எங்களைப் போலவே நீரோரம் கூடாரம் போட்டுத் தங்க வந்திருந்தார்.

கேட்காரர் மறித்தார். "நாயிங்கள வுட்டா பார்க்கே நாறிப்பூடும்மா."

"காலைல வந்து பாருங்கண்ணா. நாறிச்சின்னா இனிமே நாங்க வரல."

அரைமனதோடு விட்டார். பூட்டிக் கிடந்த பெரிய கேட்டுக்குப் பக்கத்துச் சின்ன வழியில் வண்டியை முட்டி மோதித் தள்ளிக்கொண்டுதான் அந்தப் பெண் நுழைந்தார்.

நாய் எங்கே குந்தினாலும் பின்னாலேயே களைக்கொத்தோடு நின்றார். குழி தோண்டி, மூடி, மிதித்துவிட்டு நாயின் தலையில் செல்லமாக ஒரு தட்டு. பரிசு வாங்கிய பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும்.

காலையில் கேட்காரர் வந்தபோது கூடாரம் மூட்டையாகியிருந்தது. குனிந்து குனிந்து தேடினார்.

"நீ எங்கம்மா தங்கின?"

அந்தப் பெண் படிந்து கிடந்த புல்லைக் காட்டினார். பக்கத்து மரத்தடியில், ராத்திரி வேறொரு கூட்டம் தங்கிப் போன இடத்தில், பிரியாணிப் பொட்டலங்களும் உடைந்த பாட்டில்களும் இறைந்து கிடந்தன.

"அப்ப இது இன்னா?"

"அங்க தங்கினவங்ககிட்ட நாய் இல்லீங்கண்ணா."

கேட்காரர் முன்னால் நடந்துபோய், அதிகாரிகளின் ஜீப்புக்கு மட்டுமே திறக்கும் பெரிய கேட்டை அகலத் தள்ளினார். மொபெட் அதன் நடுவே போனது, இரண்டு நாய்களும் மூக்கைத் தூக்கிக்கொண்டு.

யாருடைய நாய்களோ. எனக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்தது.