கூடைக்குப் போன கை

பிரேமினியின் அலுப்பு இன்றைக்கு நேற்றைக்கு வந்த அலுப்பு இல்லை. ஹட்டன் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் அவள் கான்ஸ்டபிள். பஸ் நிற்கிற சந்தியில் மழைக் கோட்டோடு நின்று வாகனங்களுக்குக் கை காட்டுவாள். டியூட்டி முடிந்தால் பிஸ்டல் சுடுகிற பயிற்சி. லீவு கிடைத்தால் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற தோட்டத்துக்கு ஏறி, அம்மாவோடு தேயிலைச் செடி நிரையில் நின்று கொழுந்து பறிப்பாள். இந்த மனுஷிக்கு ஓய்வு என்று ஒன்று உண்டா என்று கேட்டால், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உண்டு.

அம்மா வீரம்மா பிடிவாதக்காரி. தோட்டத்துக் கணக்கில் பேரை வெட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டிய வயது வந்து போய்விட்டது. கூட வேலை செய்தவர்கள் பாதிப் பேர் லயத்து வீட்டு வாசலில் வெயில் காய்கிறார்கள். வீரம்மா மட்டும் விடிந்தால் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்பாள். தோட்டத்திலும் ஆள் பற்றாக்குறை. வருகிறவளை வேண்டாம் என்று மேற்பார்வை பார்க்கிற எந்தக் கண்டாக்கு சொல்வார்?

தோட்டம் கேட்கிற நிறைக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். சம்பளம் கிடக்கட்டும், நிறுக்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் அரைப்பேர் என்று சொல்லிவிட்டால் அதுதான் மானக்கேடு. முழங்கால் மடங்காத வீரம்மாவுக்கு முழுப்பேர் விழுவது அபூர்வமாகிவிட்டது. போனில் மகள் கேட்கும்போதெல்லாம், "நேத்தும் அரைப்பேர்தான் புள்ள" என்பாள். அதைக் கேட்டுவிட்டு வயிறு எரியாமல் சோறு தின்ன எந்த மகளால் முடியும்? அதனால்தான் பிரேமினி போனாள். யூனிபோமைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய பாவாடையோடு மலைக்கு ஏறி, தான் பறித்ததையும் அம்மா கூடையில் கொட்டுவாள். கங்காணி கண்டும் காணாத மாதிரி வேறு பக்கம் பார்ப்பார். பொலிஸோடு யார் வம்புக்குப் போவது?

பக்கத்து நிரை அந்தோனியம்மா மட்டும், "வீரம்மாவுக்கென்னா, அரசாங்கமே வந்து பறிச்சுக் குடுக்குது" என்று கிண்டல் செய்வாள். வீரம்மா அதற்குச் சிரிப்பாள். அந்த நாட்களில் அவள் நிறையச் சிரிப்பாள், வாயும் ஓயாது. பிரேமினிக்குப் பேச நேரம் இருக்காது. குனிந்த தலை நிமிராமல் பறிப்பாள், கொழுந்தை நிறுத்ததும் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

எத்தனை நாளைக்கு இப்படி ஓட முடியும்? அதற்கு அவள் கண்டுபிடித்த ஒரே வழி பிஸ்டல். பொலிஸ் பயிற்சிக் காலத்தில் அவள் கை ஆடாமல் நிற்பதைப் பார்த்துக் பொலிஸின் காற்றுப் பிஸ்டல் போட்டிக் குழுவுக்குப் பழக அனுப்பியிருந்தார்கள். குழுவில் நிரந்தர இடம் கிடைத்தால் ராத்திரி டியூட்டி இல்லை, குவார்ட்டர்ஸ் உண்டு. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிடலாம். அவளுக்குப் பதக்கமும் வேண்டாம், பேப்பரில் படமும் வேண்டாம். அம்மா இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் குண்டு சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. நடுவில் விழ வேண்டியது எப்போதும் வலது பக்கம் மேலே போய் விழுந்தது. பயிற்சி கொடுத்த சார்ஜன்ட் ஹேமச்சந்திர குருநாகல்காரர், பொறுமையான மனிதர். பிடியை மாற்றிப் பார்த்தார், சப்பாத்தை மாற்றிப் பார்த்தார், மூச்சை அடக்கச் சொன்னார், விடச் சொன்னார். கடைசியில், உனக்குச் சத்தத்துக்குப் பயம் என்று சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டார். பிரேமினிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஹட்டன் சந்தியில் தனியார் பஸ்களுக்கு நடுவில் நிற்கிறவளுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கியின் சத்தத்துக்கா பயம்?

குழுவுக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு முந்திய மாதங்களில்தான் அந்தச் சென்சர் வந்தது. நெருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். அதைக் குழலுக்கு அடியில் மாட்டிவிட்டால் பிஸ்டல் எப்படி எப்படி அசைகிறது என்று போனில் கோடாக வரைந்து காட்டும். குறி பிடிக்கிற நேரம் நீலக் கோடு, விசையை அழுத்துகிற நேரம் மஞ்சள், சுட்ட பிறகு சிவப்பு. குண்டே இல்லாமல் வெறும் விசையை அழுத்தினாலும் போதும், அது விடாமல் வரையும். மனுஷன் கண்ணுக்குத் தப்புவது அதற்குத் தப்பாது.

முதல் நாள் எல்லோரும் சுட்டு முடித்துக் கடைசியாகப் பிரேமினி நின்றாள். கோட்டைப் பார்த்த சார்ஜன்ட்டுக்கு நம்ப முடியவில்லை. அவளுடைய நீலம் ஒரு சின்னப் புள்ளிக்குள் அடங்கிக் கிடந்தது. மற்றவர்களுடையதெல்லாம் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. ஆனால் விசை விடுபடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் கோடு சட்டென்று கிளம்பி, மேலே வலது தோள் பக்கமாக ஏறியது. சிவப்பும் அதே வழியில் போனது. இன்னொரு முறை சுடச் சொன்னார். அதே வழிதான். பயந்தவள் கை கண்டபடி துள்ளும், இது ஒரே பாதையில் போய்வருகிறதே என்று அவர் தலையைச் சொறிந்தார்.

பிரேமினி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார்ஜன்ட்டுக்குக் கோபம். அவருக்குக் கொழுந்து என்றால் கோப்பையில் ஊற்றுகிற தேத்தண்ணிதான், அதனால் அவள் பிஸ்டலை வைத்துவிட்டு நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்தைப் பிடிக்கும். ஒடிக்கும்போது கை கீழே போகாது, மேலே தூக்கித்தான் ஒடிக்கும். ஒடித்த கை அங்கே நிற்காது, தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்த நாளிலிருந்து பழகிய கை. விரல் மடங்கியதும், வேலை முடிந்தது என்று நினைத்து அது கூடையைத் தேடிப் போகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தக் கை பிஸ்டலைக் கொடுத்தாலும் கொழுந்தைத்தான் பறித்தது.

சார்ஜன்ட் போனில் இருந்த கோட்டை இன்னொரு முறை பார்த்தார். இப்போதும் பறிக்கப் போகிறாயா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். தேர்வு முடியும் வரைக்கும் மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்காதே, ஒரு கொழுந்தைக் கூடத் தொடாதே என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் வீரம்மா, எனக்காகப் போய் உன் வேலையைக் கெடுத்துக்கொண்டாயா என்று ஒப்பாரி வைப்பாள். அதனால் விசேஷ டியூட்டி, லீவு இல்லை என்று பொய் சொன்னாள். லீவு நாட்களிலும் சுடுகிற பயிற்சி மண்டபத்துக்கே போனாள். குண்டில்லாமல் விசையை அழுத்துவாள், கோட்டைப் பார்ப்பாள், மறுபடி அழுத்துவாள். அழுத்திய பிறகும் கையை அப்படியே நிறுத்த வேண்டும். வேலை முடிந்த பிறகும் சும்மா நிற்பது இருக்கிறதே, அதுதான் அவளுக்கு இந்த உலகத்தில் ஆகப் பெரிய கஷ்டமாக இருந்தது. தோள் விண்விண்ணென்று தெறித்தது. சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அது இறங்க இறங்க அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அம்மா நிறுக்கிற இடத்தில் தலைகுனிந்து நிற்பதுதான் ஞாபகம் வந்தது.

போனில் முழுப்பேர் விழுந்ததா என்று அம்மாவிடம் கேட்பாள். முன்னெல்லாம் முனகுகிற வீரம்மா இப்போது, "விழுந்துச்சு, விழுந்துச்சு. நீ ஒன் வேலயப் பாரு" என்பாள். பிரேமினி அதை நம்பவில்லை. அரைப்பேரை மறைக்கிறாள் என்று நினைத்து மனசு இன்னும் கனத்தது.

தேர்வில் சென்சரை மாட்ட விடமாட்டார்கள். வெறும் கைதான். சுட்டாள், சுட்ட பிறகு நின்றாள், பிஸ்டலை இறக்கினாள். குழுவில் அவள் பேர் வந்தது. சார்ஜன்ட் கை குலுக்கினார். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் அதற்கு உடம்பில் தெம்பு இல்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் லீவு போட்டுத் தோட்டத்துக்குப் போனாள். லயத்துக்குப் போகாமல் நேரே மலைக்கு ஏறினாள். கூடையை இறக்கிவைங்க, இனிமே போதும் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. நிரையில் அம்மாவைக் காணவில்லை. அந்தோனியம்மாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியாதா? நீ வாரத நிப்பாட்டின கொஞ்ச நாள்லயே வீரம்மா பேர வெட்டிக்கிச்சே."

பிரேமினி லயத்துக்கு இறங்கி ஓடினாள். வீரம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிரேமினிக்கு மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. பேரை வெட்டியதை ஏன் சொல்லவில்லை, பேர் விழுந்தது விழுந்தது என்று ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டாள். வெட்டுவதாக இருந்தால் எப்பவோ வெட்டியிருக்கலாமே, அந்தக் காலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஏன் ஏறினீங்க என்று கேட்டாள்.

வீரம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெட்டியிருந்தா நீ வந்திருப்பியா புள்ள? சும்மா வந்து ஒக்காந்து பேசுற ஆளா நீ? வேல இருந்தாத்தான வருவ. நிரையில நின்னாத்தான் ஒன்ன பக்கத்துல வச்சு நாலு வார்த்த பேச முடிஞ்சிச்சு. நீ வரலன்ன பெறகு நான் எதுக்கு அந்த மலைக்கு ஏறணும்?"

பிரேமினி சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். அம்மாவை மலையிலிருந்து இறக்கத்தான் இவ்வளவு பாடும். அம்மாவோ மகளைப் பார்க்கத்தான் அந்த மலையில் ஏறியிருக்கிறாள். ஒருத்திக்காக ஒருத்தி இத்தனை வருஷம் இடுப்பொடிந்ததை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதாள். குழுவில் இடம் கிடைத்ததை, குவார்ட்டர்ஸ் வருவதை அழுகைக்கு நடுவில் சொன்னாள். வீரம்மா ஆகட்டும் என்று தலையாட்டினாள்.

"அங்க வந்தா நீ வீட்டுல இருப்பியா?"

பயிற்சி முகாம், போட்டி, பிரயாணம் எல்லாம் பிரேமினியின் கண்முன்னே வந்து நின்றன. இனிப் பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை.

"தெரியலம்மா."

வீரம்மா அதற்குக் கோபப்படவில்லை. கீரைச் சுளகைத் தள்ளிவைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இன்னைக்கு டியூட்டி இருக்கா?"

"இல்லம்மா. லீவு."

"அப்ப இரு" என்று சொல்லிவிட்டு வீரம்மா உலை வைக்க உள்ளே போனாள்.